38 நிமிடமும் 48 மணி நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி கிராமத்து உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியைத் தாண்டிவிட்டால் உட்கார இடம் கிடைக்காது. நாசி லெமாக் வரிசை மேசைகளுக்கு நடுவிலேயே வந்து நின்றுவிடும். அதனால் ஒன்பதுக்கே போய், ஒரு தே தாரிக்கும் ஒரு தே ஓ கோசோங்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம், நானும் என் மச்சானும். அவன் சாங்கி சவுத் பக்கம் சின்னதாக ஒரு சமையற்கூடம் வைத்திருக்கிறான். உறைய வைத்த பரோட்டா, மசாலா தடவிய கோழி, சட்னி, சாம்பார் என்று விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கேன்டீன்களுக்கு அனுப்புவது தொழில். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் தடிமனான காப்புறுதிப் பத்திரம்.

"அத்தான், போன மாசம் எங்க ரோட்டுல கேபிள் பழுதுன்னு மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. ரெண்டு ட்ரே சட்னியத் தூக்கிப் போட்டேன், மத்தியான டெலிவரியும் போச்சு. பாலிசியில மின்சாரம், எரிவாயு, தண்ணின்னு தனியா ஒரு பிரிவே இருக்கு. வருஷா வருஷம் அதுக்குக் காசு கட்டுறேன். இப்பக் கேட்டா ஒரு காசும் வராதாம். ஏமாத்துறாங்களா?"

இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் குடும்பத்தில் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும். ஏமாற்றவில்லை என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏமாற்றினார்கள் என்றால் சண்டை போடலாம் அல்லவா?

அவனிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கடை வைத்திருக்கும் வேறு பலருக்கும் இதே சந்தேகம் இருக்கிறது.

கடைக்கான காப்புறுதியின் அடித்தளம் பழைய தீக் காப்புறுதிதான். அடுப்பு எரிந்தால் அடுப்புக்குப் பணம், கூரை விழுந்தால் கூரைக்குப் பணம். ஆனால் அடுப்பு எரிந்து மூன்று மாதம் கடை மூடிக் கிடந்தால், அந்த மூன்று மாத வருமானத்துக்கு யார் பதில் சொல்வது? அதற்காகப் பிறகு சேர்ந்ததுதான் தொழில் தடைக் காப்புறுதி. இது தனியாக நிற்காது, தீக் காப்புறுதியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். உங்கள் இடத்தில் உங்கள் பொருள் ஏதாவது சேதமாகியிருந்தால் மட்டுமே அதன் கதவு திறக்கும். கரண்ட் போன அன்று மச்சானின் சமையற்கூடத்தில் என்ன உடைந்தது? ஒன்றுமில்லை. விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். ஆக, அடிப்படைப் பத்திரத்தின்படி அவனுக்கு வரவேண்டியது பூஜ்யம்.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் அவன் காசு கட்டும் அந்தக் கூடுதல் பிரிவு. அதில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. மின்சார நிறுவனத்தின் மின்னாக்க நிலையத்திலோ துணை மின்நிலையத்திலோ சேதம் நேர்ந்தால், அது உங்கள் சமையற்கூடத்திலேயே நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம் என்கிறது பத்திரம். வைத்துக்கொள்வோம் என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சேதம் என்ற நிபந்தனை போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கரண்ட் நின்றால் காசு என்று மச்சான் படித்த இடத்தில், அங்கே ஏதோ எரிந்தோ உடைந்தோ அதனால் கரண்ட் நின்றால் காசு என்றுதான் எழுதியிருக்கிறது.

"எது எரிஞ்சா எனக்கென்ன அத்தான்? எனக்கு ஃப்ரீஸர் ஓடணும்."

நியாயமான கேள்வி. ஆனால் எது எரிந்தது என்பதை வைத்துக் கோடிக்கணக்கில் பணம் திசை மாறும். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் தீப்பிடித்தது. ஹீத்ரோ விமான நிலையம் மார்ச் 21 அன்று கிட்டத்தட்ட நாள் முழுக்க மூடிக் கிடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானச் சேவைகள் குழம்பின. அங்கே மின்மாற்றி எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சேதம் நடந்ததா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. (அந்த மின்மாற்றியில் ஈரம் ஏறியிருப்பது 2018இலேயே எண்ணெய்ச் சோதனையில் தெரிந்திருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு விசாரணை அறிக்கை சொன்னது. அது வேறு கதை.)

அடுத்த மாதமே, ஏப்ரல் 28 அன்று நண்பகலுக்குச் சற்றுப் பின், ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒட்டுமொத்தமாக இருண்டன. பாதிக்கப்பட்டவர்கள் கோடிக்கணக்கில். ஆனால் காரணம் தீ அல்ல. கட்டமைப்பில் மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியது, ஒவ்வொரு மின்னாக்கியாகத் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. கருவி எரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அது துண்டித்துக்கொள்கிறது? அதாவது சேதம் வராமல் தடுக்கும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்தது. அதனாலேயே சேதத்தை நிபந்தனையாக வைத்திருக்கும் பத்திரங்கள் வாயைத் திறக்கத் தயங்கும். சின்ன விபத்துக்கு இழப்பீடு, பெரிய விபத்துக்குக் கைவிரிப்பு. எனக்கே இது முதலில் ஜீரணமாகவில்லை.

அமெரிக்காவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. வேக்ஃபெர்ன் என்ற பேரங்காடிக் குழுமம் கெட்டுப்போன உணவுக்கு இழப்பீடு கேட்டது. மின்கட்டமைப்பில் எதுவும் உடையவில்லை, தற்காப்புக்காக நின்றது, அவ்வளவே என்றது காப்புறுதி நிறுவனம். கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 2009இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றித் தீர்ப்பளித்தது. மின்சாரம் தருவதற்கென்றே இருக்கும் ஒரு கட்டமைப்பு மின்சாரம் தர முடியாமல் கிடந்தால் அதுவும் சேதம்தான், சேதம் என்ற சொல்லுக்குப் பத்திரம் பொருள் சொல்லாமல் விட்டிருப்பதால் வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது நியூ ஜெர்சி. இங்கே அதைக் காட்டிக் காசு வாங்கிவிடலாம் என்று மச்சானுக்கு நான் நம்பிக்கை கொடுக்கவில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அதிகாலை 1.18க்கு 19 வட்டாரங்களில் மின்சாரம் நின்றது. வீடும் கடையுமாகச் சுமார் 147,000 வாடிக்கையாளர்கள். மின்னாக்க நிலையங்களில் இயந்திரங்கள் தடைபட்டதுதான் காரணம். 38 நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 38 நிமிடம் கரண்ட் போனால் அதைப் பற்றி யாராவது பேசுவார்களா? இங்கே மின்கம்பிகள் ஏறக்குறைய எல்லாமே மண்ணுக்கடியில் ஓடுகின்றன. சில இடங்களில் அறுபது மீட்டர் ஆழத்தில் சுரங்கமே வெட்டியிருக்கிறார்கள். சராசரியாக ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு ஒரு நிமிடம்கூட மின்தடை வருவதில்லை.

அந்தப் பெருமைதான் காப்புறுதியில் குழியாகிவிடுகிறது. பத்திரத்தைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினேன். காத்திருப்பு நேரம்: 48 மணி. மின்சாரம் நின்று முதல் 48 மணி நேரத்துக்கு வரும் இழப்பு உங்கள் தலையில். அதற்குப் பிறகு வருவதுதான் அவர்கள் கணக்கில். 24 மணி, 72 மணி என்றும் பத்திரங்கள் உண்டு. தடை நிமிடக் கணக்கில் வரும் ஊரில், நாள் கணக்கில் காத்திருக்கச் சொல்லும் காப்புறுதி.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. தே ஓவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப என் மூணு மணி நேரம்?"

அதற்கு இந்தப் பிரிவு சரியான கதவே இல்லை. உணவுத் தொழிலில் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடுகிறது. மின்சாரம் இல்லாத குளிர்பெட்டியை மூடியே வைத்திருந்தாலும், உள்ளே இருப்பது சுமார் நான்கு மணி நேரம்தான் பாதுகாப்பு. நிரம்பிய ஃப்ரீஸர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆக, காப்புறுதியின் கடிகாரம் ஓடத் தொடங்கும்போது அவனுடைய சட்னிக்குக் காரியமே முடிந்திருக்கும். கெட்டுப்போகும் சரக்குக்கென்றே தனிக் காப்புறுதி உண்டு. குளிரறை இயந்திரம் பழுதானாலோ பொது மின்சாரம் எதிர்பாராமல் நின்றாலோ சரக்கின் விலையைத் தரும். அதிலும் காத்திருப்பு உண்டு, ஆனால் அது மணிக் கணக்கில் இருக்கும், பேசிக் குறைக்கலாம். இந்தியாவிலும் தீக் காப்புறுதியோடு குளிர்சாதனக் கிடங்குச் சரக்குக்கு இப்படிக் கூடுதல் பிரிவு வாங்க முடியும். அங்கேயும் பழைய வாசகம் மின்தடைக்குப் பின்னால் ஒரு சேதம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கும். மச்சானிடம் இந்த வகையே இல்லை. முகவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

மின்சாரப் பிரிவிலும் அகலமான வாசகம் ஒன்று இருக்கிறது. எங்கே என்ன எரிந்தது என்று தோண்டாது. உங்கள் கட்டடத்துக்குள் வரும் கம்பியின் முனையில் மின்சாரம் தற்செயலாக நின்றதா, அது போதும் என்னும். பிரீமியம் கூடும், ஆனால் நான் வாங்கச் சொல்வது இதைத்தான். இதிலும் விலக்குகள் உண்டு: மின்சார நிறுவனம் வேண்டுமென்றே நிறுத்தியது, பங்கீடு செய்து நிறுத்தியது, வேலைநிறுத்தம், வறட்சி. தமிழ்நாட்டில் 2012 வாக்கில் முறைவைத்துப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே ஓய்ந்தார்களே, அந்த வகை நட்டத்துக்குக் காப்புறுதி பொதுவாகப் பொறுப்பேற்காது. வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது விபத்து ஆகாது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004ஆம் ஆண்டு ஜூன் 29 இரவு சிங்கப்பூரில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இருண்டது. இந்தோனேசியாவின் மேற்கு நாத்துனா கடற்பகுதியிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டதும், சில மின்னாக்கிகளால் டீசலுக்கு மாற முடியாமல் போனதும் காரணம். இங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் பிறக்கிறது. பல பத்திரங்களில் எரிவாயு நிறுவனத்தின் ‘நிலத்தில் உள்ள’ இடங்கள் என்று ஒரு சொற்றொடர் வரும். யாரும் நின்று படிக்க மாட்டார்கள். கடல் நடுவே உள்ள மேடையில் கோளாறு என்றால் அந்த ஒரு சொல் போதும், கோரிக்கையைத் தள்ளிவிட.

எந்தெந்த ஆபத்தால் சேதம் வந்தால் செல்லும் என்ற பட்டியலும் உண்டு. 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுதும் இருண்டதே, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்தது என்று அமைச்சரே சொன்னாரே, அதைக் கேட்டதும் என் போன்றவர்களின் புத்தி நேராகப் பத்திரத்துக்குத்தான் போனது. பழைய ஆங்கிலேயர் காலத்துப் பட்டியலில் ‘வாகனம், குதிரை, மாடு மோதினால்’ என்று இருக்கும். குதிரைக்கு இடம் உண்டு, குரங்குக்கு? புதிய பத்திரங்கள் விலங்கு என்று பொதுவாகச் சொல்வதால் அனுமார் தப்பித்தார்.

இரண்டாவது சுற்றுத் தேநீர் வந்தது. மச்சான் பேனாவை எடுத்தான். எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடச் சொன்னான். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொன்னேன்.

மாதம் 60,000 வெள்ளி விற்பனை என்று வைத்துக்கொள்வோம், நாளுக்கு 2,000. விற்பனை நின்றால் மாவு, கோழி, எண்ணெய் வாங்கும் செலவும் நின்றுவிடும், அதைக் கழிக்க வேண்டும். வாடகையும் சம்பளமும் நிற்காது, அதைக் கழிக்கக் கூடாது. கழித்தபின் விற்பனையில் நூற்றுக்கு 40 மிஞ்சுகிறது என்றால் ஒரு நாள் இழப்பு 800 வெள்ளி. மூன்று நாள் மின்சாரம் இல்லை, காத்திருப்பு 48 மணி என்றால் கையில் வருவது ஒரு நாளைக்கு உரியது, 800. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து ஓட்டினால் அந்தச் செலவையும் கேட்கலாம். ஆனால் 800 வெள்ளி இழப்பைத் தவிர்க்க 1,500 வெள்ளிக்கு ஜெனரேட்டர் எடுத்தேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காப்புறுதிக்காரர்கள் மொத்த லாபம் என்று சொல்வது கணக்காளர் சொல்லும் லாபம் அல்ல. வாடகை, சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 288,000 வெள்ளி. மச்சான் பத்திரத்தில் எழுதியிருந்தது 144,000. வாடகை, சம்பளம் போக வீட்டுக்கு எடுத்துப் போவதை லாபம் என்று எழுதிவிட்டான். பாதித் தொகைக்குக் காப்புறுதி எடுத்தவனுக்குப் பாதி இழப்பீடுதான். அந்த 800இலும் 400தான் வரும்.

"இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான். பத்திரத்தில் சொல்லியிருக்கிறார்கள், 31ஆம் பக்கத்தில்.

கரண்டைவிட இப்போது அவனைப் பயமுறுத்துவது வேறொன்று: வங்கிச் சேவையும் இணையமும் முடங்குவது. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் முடங்கின. இரண்டும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்தபோது, ஒப்பந்தக்காரர் தவறான சமிக்ஞை அனுப்பியதில் குளிர்நீர் வால்வுகள் மூடிக்கொண்டன. உள்ளே சூடு ஏறியது. மறுநாள் அதிகாலை வரை ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. அன்று தேக்கா சந்தையில் மீனை எடை போட்டு வெட்டியபிறகு கட்டணம் போகாமல் நின்றவர்களை நானே பார்த்தேன்.

அதற்குப் பத்து வருடம் முன்னால், 2013 அக்டோபர் 9, புக்கிட் பாஞ்சாங் சிங்டெல் நிலையத்தில் தீ. இணையம், தொலைபேசி, சில வங்கி இயந்திரங்கள் எல்லாம் நின்றன. சிங்டெலுக்குப் பிறகு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், அட்டை வேலை செய்யவில்லை. பத்திரத்துக்கு அப்படி அல்ல. புக்கிட் பாஞ்சாங்கில் கேபிள் எரிந்தது, அது சேதம். தொலைத்தொடர்புப் பிரிவு வாங்கியிருந்தவர் பேசத் தொடங்கலாம். தரவு நிலையத்திலோ வால்வு மூடியது, அவ்வளவுதான். சரி, இணையக் காப்புறுதி (சைபர் பாலிசி) கைகொடுக்குமா என்றால், அதில் பல பத்திரங்கள் மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற பொதுக் கட்டமைப்பின் தடையை விலக்கிவைக்கின்றன. தீக் காப்புறுதி சேதம் எங்கே என்கிறது, இணையக் காப்புறுதி கட்டமைப்பு என் வேலையல்ல என்கிறது. இரண்டு பெஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்து கீழே விழுந்த கதை.

"காப்புறுதி வேணாம், கேபிளை யாராவது வெட்டியிருந்தா அவன் மேல கேஸ் போட்டா?"

இங்கிலாந்தில் 1972இல் முடிந்த வழக்கு ஒன்று சட்ட மாணவர்களுக்கு மனப்பாடம். ஸ்பார்ட்டன் ஸ்டீல் ஆலைக்குப் போகும் கேபிளை ஒப்பந்தக்காரர் வெட்டிவிட்டார். உலையில் அப்போது உருகிக்கொண்டிருந்த இரும்பு கெட்டதற்கு 368 பவுண்டு, அதில் வரவிருந்த லாபம் 400 பவுண்டு, இவை கிடைத்தன. மின்சாரம் இருந்திருந்தால் அடுத்தடுத்து உருக்கியிருக்கக்கூடிய நான்கு சுற்றுக்கான 1,767 பவுண்டு கிடைக்கவில்லை. பொருள் கெட்டால் பணம், வெறும் வருமான இழப்புக்குப் பணமில்லை என்று கோடு கிழித்தார் நீதிபதி டென்னிங் பிரபு.

சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அந்தக் கோட்டை அப்படியே ஏற்கவில்லை. அதற்கு நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டரில் நடந்த உதாரணம் இருக்கிறது. சாங்கி விமான நிலைய இரண்டாம் முனையத்தில் விமானத்தை இழுக்கும் வண்டி ஒன்று தூணில் மோதியது. தூண் தாங்கிய தளம் பாதிக்கப்பட்டது. மேலே என்டியூசி ஃபுட்ஃபேர் நடத்திய வாங் கஃபே கடையை மூடவேண்டியதாயிற்று. வண்டி எஸ்ஐஏ எஞ்சினியரிங் நிறுவனத்தைச் சேர்ந்தது. தூணும் தளமும் கஃபேக்குச் சொந்தமில்லை, ஆனால் வியாபாரம் போனது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கஃபே பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே வழி முழுக்க அடைபட்டதில்லை. ஆனால் தேசிய அளவில் பெரிய நிறுவனமே உச்ச நீதிமன்றப் படியேறி வாங்கிய தீர்ப்பு அது. இரண்டு ட்ரே சட்னிக்கு யார் ஏறுவது?

மச்சான் பத்திரத்தில் 48 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டான், 144,000ஐ அடித்தான், ஓரத்தில் ‘சரக்கு?’ என்று எழுதினான். அடுத்து அவன் கேட்டதுதான் எனக்குப் பிடித்திருந்தது: பாலிசி சரியாகவே இருந்தாலும், சட்னி உண்மையிலேயே கெட்டது என்று எப்படிக் காட்டுவது?

அன்று அவன் கெட்டதை உடனே குப்பையில் போட்டுக் கழுவிவிட்டான். சுத்தக்காரன், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. குளிரறையில் வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி மாட்ட வேண்டும். கரண்ட் போனதும் நேரத்தோடு படம், திரும்ப வந்ததும் படம். சரக்கை எடைபோட்டு, தனியே பையில் கட்டி, மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை அல்லது அவர் போட்டுவிடு என்று எழுத்தில் சொல்லும் வரை வைத்திருக்க வேண்டும், விற்கும் சரக்கோடு கலக்காமல். காரணம் என்ன என்று மின்சார நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

அவன் உடனே கைப்பேசியை எடுத்துச் சமையற்கூடத்தில் இருந்த பையனுக்கு அழைத்தான். "தம்பி, ஃப்ரீஸர் மேல இருக்கிற மீட்டரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஆமா, இப்பவே. இனிமே தினமும்." ஒரு விமானம் தாழ்ந்து போன சத்தத்தில் மறுமுனை என்ன சொன்னது என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. கண்ணாடியில் பனி படிந்து எண் சரியாகத் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னான்.

மைனஸ் 18.